சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது பயிற்சியா?

"பிரசவத்துக்குப் பிறகு தும்மினால் சிறுநீர் கசிகிறதா? போகும்போதெல்லாம் பாதியில் நிறுத்தி நிறுத்திப் போங்கள், தசை இறுகிவிடும். பிசியோதெரபி வேண்டாம்." கோலாலம்பூர் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. தவறு.

சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை எது என்று கண்டுபிடிக்க எப்போதாவது ஒருமுறை நிறுத்திப் பார்க்கலாம், அவ்வளவுதான். வழக்கமாக்கினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது; மிச்சம் தேங்கினால் கிருமித் தொற்று வரலாம்.

இந்தத் தசைக்கான பயிற்சியைச் சிறுநீர் கழித்த பிறகு, படுத்தோ உட்கார்ந்தோ செய்ய வேண்டும். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல இறுக்கி, உள்ளே மேலே தூக்குங்கள். சில விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். வேளைக்கு 8 முறையாவது, நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று விடுவது அவசரம். மூச்சை அடக்கி, புட்டத்தை இறுக்கி, தூக்குவதற்குப் பதில் கீழே முக்குவதுதான் வழக்கமான கோளாறு.

சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, ஏற்கெனவே இறுகியிருக்கும்: உறவின்போது வலி, சிறுநீர் வரத் தாமதம். அவர்கள் இன்னும் இறுக்கினால் தொல்லை கூடும். பிசியோதெரபிஸ்ட் சோதிக்காமல் இதைப் பிரித்தறிவது கடினம்.

சோதனைக்குக் கூச்சப்படுவது புரிகிறது. உள்பரிசோதனை உங்கள் சம்மதத்தோடுதான். மறுக்கலாம், உடன் ஒரு பெண் இருக்கச் சொல்லிக் கேட்கலாம். சோதனைக்குப் போகுமுன் 3 நாள் குறிப்பு எழுதுங்கள்: குடித்தது எவ்வளவு (‘தே தாரிக்’ எனும் மலேசியப் பால் டீயும் கணக்குதான்), கழித்தது எத்தனை மில்லிலிட்டர், எப்போது கசிந்தது.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவு.