நரைப்பது நம் தலை மட்டும்தானா?

தேர்தல் வந்ததும் மறுபடியும் அதே வயதான தலைவரின் முகம், அதே கையசைப்பு, அதே "மக்கள் அழைத்தார்கள், வந்தேன்". எந்த மக்கள்? என்னை யாரும் கேட்கவில்லையே!

எனக்கு 58 வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிறேன். இந்த வயதான தலைவர்களுக்கு மட்டும் நாட்டையே சுமக்கும் தெம்பு எங்கிருந்து வருகிறது? கேமரூனின் பால் பியா 1982 முதல் அதிபர். போதவில்லையாம், 2025இல் 92 வயதில் இன்னும் ஏழாண்டுக்கு நின்று, வென்றும்விட்டார். ஜிம்பாப்வேயின் அதிபர் முகாபேயைப் பதவியிலிருந்து கிளப்ப 93 வயதில் ராணுவமே வர வேண்டியிருந்தது. மலேசியாவின் மகாதீர் 2003இல் விடைபெற்றார். 2018இல் 92 வயதில் திரும்பி வந்து பிரதமரானார். அமெரிக்காவின் பைடன் 81 வயதில் அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து ஒதுங்கினார், அதுவும் சொந்தக் கட்சிக்காரர்கள் நச்சரித்த பிறகு! 42 வயதிலேயே "இனி என்னால் முடியாது" என்று பிரதமர் பதவியை விட்டுப் போன நியூசிலாந்தின் ஜெசிந்தா ஆர்டெர்ன் இவர்கள் கண்ணில் பைத்தியக்காரியாகத் தெரிந்திருப்பார்.

சேவையாம், சேவை! சேவை செய்ய நாற்காலி எதற்கு ஐயா?

என் முதல் வாக்கை "இளைஞர்களுக்கு வழிவிடுவேன்" என்று முழங்கியவருக்குத்தான் போட்டேன். அன்றைய இளைஞர்களுக்கு இப்போது பேரன்களே இருக்கிறார்கள். அவர் இன்னும் வழிவிடுகிறார், விடுகிறார், விட்டுக்கொண்டே இருக்கிறார். தலைமுடி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கறுத்துக்கொண்டே போகிறது.