முயலாக மாறுகிறவள் கொலை செய்வாளா?

மனிதன் விலங்காக மாறும் மர்ம நாவல் என்றால் அதன் போக்கு நமக்கெல்லாம் மனப்பாடம். முதல் அத்தியாயத்தில் கிழிந்துகிடக்கும் உடல். அடுத்ததில் நகரத்திலிருந்து வந்து இறங்கும் துப்பறிவாளர். நடுவில் ஐந்தாறு பேர் மீது மாறி மாறிச் சந்தேகம். ஒரு பௌர்ணமி. கடைசியில், யாரும் சந்தேகிக்காத சாதுவான மருத்துவரோ பாதிரியாரோ உறுமிக்கொண்டு எழுவார். இந்த வகை நாவல்களைத் திட்டிக்கொண்டே விடாமல் படிக்கிறவன் நான். கோத்தகிரியில் நவம்பர் மழைக்கு மின்சாரமும் போய், மாலை ஐந்து மணிக்கே மூடுபனி ஜன்னலை அடைத்துவிட்டால் வேறு எதைப் படிப்பது?

அண்மையில் படித்து முடித்த ஓர் ஆங்கில நாவல் இந்த மனப்பாடத்தையெல்லாம் கலைத்துப் போட்டுவிட்டது. வட அமெரிக்காவின் பனிப்பகுதியில், மரம் அறுத்துப் பிழைக்கும் ஓர் ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். பெயரே பாதி முடிச்சை அவிழ்த்துவிடும். அறுவை ஆலையின் காவலாளி செத்துக்கிடக்கிறார், உடம்பெங்கும் நகக்கீறல். காட்டோரம் தனியாக இருக்கும் ஒரு பெண்மணி மீது ஊரே விரல் நீட்டுகிறது. இதுவரை பழைய கதைதான். ஆனால் மூன்றாவது அத்தியாயத்திலேயே அந்த அம்மாள் காவல் நிலையத்துக்குத் தானாக நடந்து வந்து, "ஆமாம், நான் உருமாறுகிறவள்தான்" என்று சொல்லிவிடுகிறாள். நாவலில் அது பொய்யுமில்லை. அவள் மாறுகிறாள். முயலாக.

ஓநாயும் இல்லை, கரடியும் இல்லை. புல் தின்னும் முயல். மிச்சமிருக்கும் முந்நூறு பக்கங்களில் ஊரில் ஒருவர்கூட அவளிடம் "நீ என்னவாக மாறுகிறாய்?" என்று கேட்பதில்லை. மாறுகிறவள் என்ற ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. துப்பறிவாளர் வழக்கை முடித்துக் கோப்பைக் கட்டி வைத்துவிடுகிறார். காவலாளியைக் கொன்றது யார் என்ற கேள்வி வாசகரிடம் மட்டும் தங்கிவிடுகிறது. இந்த வகை நாவலில் வாசகரை இப்படித் தனியாக விட்டுவிட்டுப் போகும் துணிச்சலை நான் பார்த்ததில்லை.

முயலை ஆசிரியர் வேடிக்கைக்காகப் பிடித்து வந்ததாகச் சிலர் நினைக்கலாம். அப்படியில்லை. 1662-இல் ஸ்காட்லாந்தில் சூனியக்காரி என்று விசாரிக்கப்பட்ட இஸபெல் கவுடி, தான் முயலாக மாறியதாகத்தான் வாக்குமூலம் கொடுத்தாள். அதைவிட விசித்திரமானது, இன்றைய லாட்வியாவில், அன்று ஸ்வீடன் ஆண்ட பகுதியில், 1691-92-இல் நடந்த வழக்கு. தீஸ் என்ற கிழவர், எண்பதைத் தாண்டியவர். வேறொரு திருட்டு வழக்குக்குச் சாட்சி சொல்ல வந்த இடத்தில், நான் ஓநாய் மனிதன் என்று பட்டென்று சொன்னார். நீதிபதிகள் எதிர்பார்த்தது சாத்தானோடு ஓர் ஒப்பந்தத்தை. கிழவர் சொன்னதோ தலைகீழ்: நாங்கள் கடவுளின் வேட்டைநாய்கள், சூனியக்காரர்கள் திருடிக்கொண்டு போன தானியத்தை நரகத்துக்குள் புகுந்து மீட்டு வருகிறோம், நாங்கள் போகாவிட்டால் உங்களுக்கு விளைச்சல் ஏது? பாதிரியார் வந்து எவ்வளவோ சொல்லியும் அவர் அசையவில்லை. கடைசியில் கசையடி கொடுத்து ஊரைவிட்டு அனுப்பினார்கள். கேட்கிறவர்களின் எதிர்பார்ப்பை முறியடித்ததற்குக் கிடைத்த கூலி.

நம்மிடமும் ஒன்று இருக்கிறது. மணிமேகலையை அறநூல் என்று அலமாரியில் வைத்துவிட்டதால் அதற்குள் ஒரு கொலைக்கதை இருப்பது பலருக்கு நினைவில்லை. விடாமல் பின்தொடரும் அரசகுமாரன் உதயகுமரனிடமிருந்து தப்ப, மணிமேகலை மந்திரம் சொல்லிக் காயசண்டிகை என்ற விஞ்சைப்பெண்ணின், அதாவது வித்யாதரப் பெண்ணின், உருவம் எடுக்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து மனைவியைத் தேடி வந்த காஞ்சனன், அவளையே தன் மனைவி என்று நம்புகிறான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் அவள் உதயகுமரனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அன்றிரவு உதயகுமரன் வெட்டுண்டு விழுகிறான். உருமாறியவள் யாரையும் கொல்லவில்லை. பார்த்ததை வைத்து முடிவு கட்டியவன் கொன்றான். பிறகு சிறைக்குப் போனது யார்? மணிமேகலைதான். முந்நூறு பக்கத்தில் அந்த நாவல் செய்ததைச் சாத்தனார் எத்தனை சிக்கனமாகச் செய்திருக்கிறார் பாருங்கள்.

இதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. எங்கள் மலையில் நடந்ததும் ஏட்டில்தான் இருக்கிறது. எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

நீலகிரியில் வளர்ந்தவர்கள் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது: இந்த மலையின் பழங்குடியினரான குறும்பர் மந்திரம் தெரிந்தவர், இரவில் புலியாவார், கரடியாவார். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களில் பிள்ளைகளைத் தூங்கவைக்கவும் இதுதான், பெரியவர்கள் குளிருக்கு நெருப்பு மூட்டி உட்கார்ந்தாலும் இதுதான். கரடி இங்கே நிஜமாகவே கோயிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். இரண்டு காலில் எழுந்து நிற்கும் கரடியை இருட்டில் பார்த்த எவருக்கும் அரை நொடி அது ஆள் என்றுதான் தோன்றும். ஆகவே கதை பிறந்ததில் எனக்கு வியப்பில்லை. அந்தக் கதை என்ன செய்தது என்பதுதான் விஷயம். 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய தொகுப்பில் சில வரிகள் உண்டு: 1835-இல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டார்கள். 1875-இலும் 1882-இலும் இன்னும் சிலர். 1900-இல் ஒரு குடும்பம் முழுவதும். அந்தக் குடும்பத் தலைவர் மருத்துவம் அறிந்தவர். பக்கத்து ஊரில் நோயையும் சாவையும் கொண்டுவந்தது அவர்தான் என்று நம்பினார்கள்.

அதே தொகுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. விதைப்புக் காலத்தில் முதல் விதையைத் தூவ அதே குறும்பரைத்தான் அழைத்தார்கள். விளைச்சலுக்கு அந்தக் கை வேண்டும், விளைச்சல் பொய்த்தால் அந்தக் கைதான் குற்றவாளி. லாட்வியாக் கிழவர் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். எந்த ஒரு சமூகத்தையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. சாவுக்குக் காரணம் தெரியாத காலத்தில் ஐரோப்பாவும் இதையே செய்தது என்று மேலேயே பார்த்தோம்.

2021-இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்று வனத்துறை எண்ணிட்ட புலியை நினைத்துக்கொள்கிறேன். கும்கிகள், மோப்ப நாய்கள், டிரோன், தானியங்கி கேமராக்கள். உடனே கொன்றுவிடக் கூடாது என்று உயர்நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். சரியான காரியம், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் புலி என்று கோடுகளைப் பார்த்துச் சரிபார்க்கும் பொறுமை ஒரு நிஜப் புலிக்குக் கிடைத்தது. புலியாக மாறுவதாகச் சொல்லப்பட்ட மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். தமிழில் மலையை வைத்து எழுதப்படும் பேய்க்கதைகளில் இன்றும் அதே ஆள்தான் வருகிறார். மூடுபனியில் ஒரு பழைய பங்களா, டீக்கடை, அங்கே குந்தியிருந்து "அந்தப் பக்கம் போகாதீங்க சாமி" என்று சொல்லும் பழங்குடிக் கிழவர். அவருக்குப் பெயர் இருக்காது, வீடு இருக்காது, தேன் எடுக்கப் பாறையில் இறங்கும் திறமையோ பாறை ஓவியங்களின் வழிவந்த சித்திரக்கலையோ இருக்காது. மந்திரம் மட்டும் இருக்கும். எழுதுகிறவர் ஊட்டிக்குச் சுற்றுலா வந்து, தைலம் வாங்கிக்கொண்டு திரும்பியவர் என்பது இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும். கதையில் வரும் மாயத்தை நான் குறை சொல்லவில்லை. மாயம் வரட்டும், தாராளமாக வரட்டும். அந்த அமெரிக்க நாவலிலும் முயல் கடைசிவரை மாயம்தான். யாரும் அதற்கு விஞ்ஞான விளக்கம் கொடுத்து நம்மை ஏமாற்றவில்லை. மாயத்தை வைத்துக்கொண்டே, அதைக் காரணம் காட்டிப் பிழைத்தவர்கள் யார் என்று கேட்க முடிகிறது அல்லவா?

அந்த நாவலில் குறைகளும் உண்டு. துப்பறிவாளரின் முறிந்த திருமணத்துக்கு நாற்பது பக்கம் தண்டம்; அந்த வகை நாவலில் மணவாழ்க்கை நன்றாக இருக்கும் ஒரு போலீஸ்காரரையாவது யாராவது எழுதக் கூடாதா? ஆலை முதலாளி வரும் இடங்களில் ஆசிரியரே உரத்துப் பேசத் தொடங்கிவிடுகிறார். ரத்தமும் ஓட்டமும் எதிர்பார்ப்பவர்கள் பாதியில் மூடிவைப்பார்கள். என்னிடம் இரவல் வாங்கிய நண்பர் முயல் என்றதுமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

படிக்க விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், பெயர் சொல்கிறேன். கேட்பவர்களுக்கு ஒரு வேலையும் உண்டு. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், சிறைக் கதவின் அடியில் அந்தத் துப்பறிவாளர் எதையோ பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஏன் திருப்பினார் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. உங்களுடையதை முதலில் சொல்லுங்கள்.