சின்னப் பசங்க கதைதானே என்பவர்களுக்கு

சிறுவர்களுக்கான சரித்திரக் கதைப் புத்தகம் ஒன்றைப் பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். புத்தகத்தின் பெயரை இங்கே இழுக்கவில்லை. ஆடி மாதம் சங்ககாலச் சேரத் துறைமுகமான முசிறியில் கப்பலேறும் பையன் பத்தே நாளில் ரோமாபுரியில் இறங்குகிறான். அது எப்படி என்று கேட்டவருக்கு மேடையிலிருந்து வந்த பதில்: "சின்னப் பசங்க கதைதானே, இவ்வளவு நோண்டணுமா?" அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் வலிக்கிறது.

ஆடியில் தென்மேற்குக் காற்று எதிர்த்து அடிக்கும். எகிப்திலிருந்து இங்கே வருவதற்கான காற்று அது. திரும்பும் கப்பல்கள், வடகிழக்குக் காற்று வீசும் மார்கழி வாக்கில் புறப்பட்டதை முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். சூயஸ் கால்வாய் அன்று ஏது? செங்கடலின் வடபாதியில் வடக்குக் காற்று மறிக்கும் என்பதால் எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயிலேயே சரக்கை இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து நைல் கரை ஊரான கோப்டோஸுக்குப் பாலைவனத்தில் ஒட்டகப் பயணம், 12 நாள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில்தான் நடை. தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் தங்கல். பிறகு நைல் நதியில் படகேறி அலெக்சாந்திரியா. அரசுக்கு 25 சதவீதச் சுங்கம். முசிறி வணிகம் பற்றி அன்று பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதி, இப்போது வியன்னாவில் இருக்கும் ஒப்பந்தத்தில் ஒட்டகக்காரர், வழிக்காவல், சுங்கக் கிடங்கு, சரக்கின்மேல் முத்திரை எல்லாமே வருகின்றன.

"கற்பனைக்கு வேலி போடாதீர்கள்" என்பார்கள். பையனைக் கற்பனை செய்யுங்கள், யார் தடுத்தார்கள்? நடுப்பாலையில் ஒரு மூட்டையின் முத்திரை உடைந்திருக்கிறது, பழி பையன்மேல் விழுகிறது, அடுத்த கிணறு வற்றிக் கிடக்கிறது. இதைவிடவா சாகசம் வேண்டும்? பத்து நாளில் இறக்கிவிட்டால் இத்தனையும் போச்சு.

பிள்ளைகளுக்குச் சலிக்குமாம். பாடமாக ஒப்பித்தால் சலிக்கும்தான். காற்றைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாது என்பது பாடமா?

தமிழ்ப் பையன் அவ்வளவு தூரம் போவதை நான் குறை சொல்லவில்லை. பெரெனிகேயில் தமிழ்ப் பிராமி பொறித்த பானை ஓடே கிடைத்திருக்கிறது. கோயில் வளாகத்தில் இந்தியச் சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு இருந்தது.

பெரியவர்களின் சரித்திர நாவலில் ஒரு அரசன் பட்டமேறிய ஆண்டு பிசகினால் எத்தனை நாள் சண்டை போடுகிறோம்! பத்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் எதைக் கொடுத்தாலும் போதுமா? சிறுவர் நூல் எழுதுபவர்களை இரண்டாம் வரிசையில் உட்கார வைப்பதும் இந்த நினைப்புதானே?

அடுத்த பதிப்பிலாவது ஆடியை மார்கழி ஆக்குங்கள். பையனைப் பெரெனிகேயில் இறக்கி, அந்த 12 நாளுக்குத் தனியாக ஒரு அத்தியாயம் கொடுங்கள்.