கருப்பொருள் கடைசியில்தான் வரும்

சிறுகதைப் போட்டி அறிவிப்பு ஒன்று மலேசியத் தமிழர்களின் புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றிக்கொண்டிருக்கிறது. பரிசுத்தொகை தாராளம். ஏற்பாட்டாளர்களும் நல்ல மனம் படைத்தவர்கள், அதனால் பெயர் வேண்டாம். அதில் ஒரு விதி: கதையின் கருப்பொருள், அதாவது மையக் கருத்து, குடும்ப ஒற்றுமை, தாய்மொழிப் பற்று, இளையோர் ஒழுக்கம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக் கேட்டால் கதை வராது, கட்டுரைதான் வரும். மூன்று பாத்திரங்களும் ஒரு மருத்துவமனைக் காட்சியும் வைத்த கட்டுரை. (நம் ஊர்க் கதைகளில் எப்போதும் மருத்துவமனையில்தான் மனிதர்கள் திருந்துகிறார்கள். யாராவது ஆராயலாம்.)

இந்தப் பழக்கம் பள்ளியில் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். எஸ்.பி.எம். என்கிற நம் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுத்தவர்களுக்குத் தெரியும். நாவலைக் கையில் எடுத்ததும் கருப்பொருள் என்ன, துணைக்கருப்பொருள்கள் என்ன, பாத்திரப்படைப்பு எப்படி என்று குறிப்பெடுக்க வேண்டும். தேர்வுக்கு அது தேவைதான். இருநூறு பக்கத்தை ஒரு பிள்ளை படித்திருக்கிறதா என்று பார்க்க ஆசிரியருக்கு வேறு என்ன வழி? ஆனால் படித்து முடித்தவர் கடைசியாகப் பிழிந்தெடுத்த அந்த ஒற்றை வரியை, எழுத உட்காருகிறவர் முதல் வரியாக எடுத்துக்கொள்கிறார். பிழிந்த சாற்றை மண்ணில் ஊற்றினால் கரும்பு முளைக்குமா?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. எதைப் பற்றிய கதை என்பதையும் கதையின் கருப்பொருளையும் நாம் ஒன்றாக்கிவிடுகிறோம். தோட்டம், குடி, குண்டர் கும்பல், முதியோர் இல்லம், சயாம் ரயில் எல்லாம் கதை நடக்கிற இடங்களும் சூழல்களும்தான். அவை நம்மிடம் நிறையவே இருப்பதால் எழுதுகிறவருக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது: விஷயம் கனமாக இருக்கிறதே, கதையும் கனமாகிவிடும் என்று.

சயாம் மரண ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில், 1942, 43இல், சயாமையும் (தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட பாதை, ஏறத்தாழ 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. இதைச் சொன்னதும் யாருக்கும் மனம் கனக்கும், ஆனால் அது வரலாற்றின் கனம். கதை அதன்மேல் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. இப்போது ஒரு தோட்டத்துக் கிராணியை (கணக்கரை) யோசித்துப் பாருங்கள். ஆள் அனுப்பும் பட்டியலை ராத்திரி விளக்கில் அவன்தான் எழுதுகிறான். தம்பியின் பெயரை விட்டுவிட்டு அடுத்த லயத்துக்காரன் (அடுத்த வீட்டு வரிசைக்காரன்) பெயரைச் சேர்க்கிறான். 1945இல் ஜப்பான்காரன் போய்விட்டான். அடுத்த லயத்துக்காரன் வரவில்லை. அவன் மனைவி இன்னமும் அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறாள், மாதச் சம்பளத்துக்கு அந்தக் கிராணியின் மேசைக்கு முன்னால்தான் வந்து நிற்கிறாள். இந்த இடத்தில் நமக்கு ஏதோ உறுத்துகிறது அல்லவா? அந்த உறுத்தலைப் பிடித்துக்கொண்டு எழுதினால் கருப்பொருள் வரும். அது என்னவென்று எனக்கே இப்போது தெரியாது. குற்றவுணர்வாக இருக்கலாம். தம்பியைக் காப்பாற்றியதில் தப்பே இல்லை என்று கிராணி கடைசிவரை நம்புவதாகவும் இருக்கலாம், அது இன்னும் பயங்கரம்.

'தெரியாது' என்று சொல்கிறேனே, அதுதான் இந்தப் பதிவின் சாரம். பதில் தெரிந்த விஷயத்தை வைத்துக் கதை எழுதினால் வாசகருக்கு அது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ருஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1888இல் தன் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: ஒரு சிக்கலைத் தீர்ப்பது வேறு, அதைச் சரியாக முன்வைப்பது வேறு, கலைஞனுக்கு இரண்டாவது மட்டுமே கடமை. நம் புதுமைப்பித்தன் இன்னும் குறும்பாக, உலகை உய்விக்கும் நோக்கமெல்லாம் தனக்கோ தன் கதைகளுக்கோ கிடையாது என்று 'காஞ்சனை' சிறுகதைத் தொகுப்பின் முன்னுரையில் கையை விரித்துவிட்டார். அவர் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவரைவிடச் சமூகக் கோபம் கொண்ட எழுத்தாளர் அந்தக் காலத்தில் குறைவு. கோபம் முழுக்கப் பாத்திரங்களுக்குள் போய்விட்டது, பிரசங்கத்துக்கு மிச்சமில்லை.

உடனே ஒருவர் கேட்பார்: சிலப்பதிகாரம் கருப்பொருளை முன்னாலேயே சொல்லிவிட்டுத்தானே தொடங்குகிறது? நியாயமான கேள்வி. அரசியலில் பிழை செய்தவருக்கு அறமே எமனாகும், பத்தினியை உயர்ந்தோரும் போற்றுவர், ஊழ்வினை விடாது வந்து சேரும் என்று அதன் முகவுரையான பதிகம் மூன்றையும் வரிசையாக அடுக்குகிறது. (பதிகம் பிற்காலத்தில் சேர்ந்தது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.) ஆனால் அந்த மூன்றில் மாதவி எங்கே இருக்கிறாள்? கானல்வரியில் கோவலன் ஒரு பாட்டுப் பாடுகிறான். அவன் மனத்தில் வேறு யாரோ இருப்பதாக எண்ணி அவள் பதிலுக்குப் பாடுகிறாள். அதை இவன் தப்பாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். 'ஊழ்' என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிடலாம், அடைக்கவும் செய்கிறார்கள். ஆனாலும் படிக்கிறவர் மனம் அந்தக் கடற்கரையிலேயே நின்று, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று பொருமுகிறது. மதுரையில் வழக்கு எப்படித் தீர்கிறது என்றும் பாருங்கள். அறம் பற்றிய சொற்பொழிவால் இல்லை, சிலம்புக்குள் இருந்தது முத்தா மாணிக்கமா என்பதால். உடைத்ததும் பரல் தெறிக்கிறது, அரசன் உயிர் போகிறது. பதிகம் என்ன சொல்லியிருந்தாலும் காப்பியத்தைத் தூக்கிக்கொண்டு போவது அந்தப் பொருள்தான்.

சரி, கருப்பொருளை முன்கூட்டியே வைக்கக் கூடாது என்றால் அதை எங்கே தேடுவது? எழுதி முடித்த முதல் வரைவில். இதைச் சும்மா சொன்னால் சாமியார் வாக்கு மாதிரி இருக்கும், அதனால் ஒரு கதையை இங்கேயே கட்டிப் பார்க்கிறேன்.

கோலாலம்பூர்ச் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு. எழுபத்தைந்து வயதுப் பாட்டி, இன்னமும் சிவப்பு ஐ.சி.தான் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை, குடிமக்களுக்கு நீலம்). தோட்டத்தில் பிறந்தவர், பிறப்பைப் பதிந்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இளைய மகள் வீட்டில் இருக்கிறார். பேரன் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறான். எழுத உட்கார்ந்தவர் மனத்தில் 'குடியுரிமை இல்லாத மூதாட்டியின் துயரம்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. பாட்டி அலைகிறார், எண் அட்டையோடு காத்திருக்கிறார், நீல ஐ.சி. கைக்கு வருகிற அன்று கண்ணை மூடிவிடுகிறார். இந்தக் கதையை நீங்களும் படித்திருப்பீர்கள்.

பரவாயில்லை, அதையே எழுதி முடியுங்கள். முடிக்காத வரைவில் தேட ஒன்றும் இருக்காது. கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். நீங்கள் திட்டமிடாமலே எது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது?

இந்த வரைவில் ஒரு பிஸ்கட் டின் வருகிறது. பழைய காங் குவான் டின். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்தக் காகிதத்தையும் எறிய மாட்டார். மின்சார ரசீது, கோயில் நன்கொடை ரசீது, தாத்தாவின் பால்வெட்டுச் சம்பளச் சீட்டு எல்லாம் அதற்குள். இரண்டாம் பக்கத்தில் சும்மா வீட்டைக் காட்டுவதற்காக வந்த டின் அது. பதிவு அலுவலகக் கவுண்டரில் மறுபடி வருகிறது. மகள்கள் சண்டையிலும் வருகிறது: இந்த வீட்டுக்கு முன்பணம் கட்ட யார் நகை போனது என்று பேச்சு முற்றும்போது, இளையவள் அக்காவைக் கேட்கிறாள், "நீ குடுத்ததுக்கு அத்தாட்சி எங்கக்கா?"

அந்த வரி ஏதோ வேகத்தில் வந்து விழுந்திருக்கும். பென்சில் அங்கேதான் நிற்க வேண்டும். அந்நியர் ஒருவர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அத்தாட்சி கேட்பது அவருடைய வேலை. கூடப் பிறந்தவள் கேட்டால்? மூத்தவள் கொடுத்தது உண்மை. பாட்டிக்குத் தெரியும், பாட்டிக்கு மட்டும்தான் தெரியும், காகிதம் கிடையாது. பாட்டி சாப்பிடுவதோ இளையவள் வீட்டில். காலமெல்லாம் தனக்குச் சாட்சி சொல்ல ஆளில்லாமல் இருந்தவர், இப்போது இன்னொருத்திக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் இருக்கிற கூரை போகலாம்.

குடியுரிமை என்று நினைத்துத் தொடங்கிய கதை இங்கே வந்து நிற்கிறது. காகிதம் இல்லாத உண்மைக்கு யார் பொறுப்பு, அதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்? கவுண்டர் காட்சியை எறிய வேண்டாம், அதற்கு இப்போதுதான் அர்த்தமே வந்திருக்கிறது. நீல ஐ.சி. வருமா வராதா என்பது பின்னால் போய்விட்டது. அந்த மரணக் காட்சியும் தானாகக் கழன்றுவிட்டது, வாசகருக்கும் நிம்மதி.

இரண்டாம் வரைவில்தான் வளர்ப்பு வேலை. எனக்குப் பிடித்த வழி, மற்ற பாத்திரங்களிடமும் அதே கேள்வியைக் கொடுத்து அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்பது. பேரனுக்கு எல்லாம் கைப்பேசியில் பதிவாகிறது: எங்கே ஏற்றினான், எங்கே இறக்கினான், எத்தனை நட்சத்திரம். ஒரு பயணி புகார் கொடுத்தபோது ஸ்கிரீன்ஷாட் காட்டித் தப்பித்தவன். அத்தாட்சியை நம்பி வாழ்கிற பிள்ளை, அவனுக்குப் பாட்டியின் தயக்கமே புரியாது. கவுண்டரில் இருக்கும் மலாய்ப் பெண்ணை வில்லியாக்காதீர்கள். அவள் 'நெனெக்' (பாட்டி) என்று அன்பாகத்தான் கூப்பிடுகிறாள். பாட்டி இங்கேதான் பிறந்தார் என்பதை நம்பவும் செய்கிறாள். ஆனால் நம்பிக்கைக்கு அந்த விண்ணப்பப் பாரத்தில் கட்டம் கிடையாது. மூத்த மகளுக்கு என்ன பதில்? ஒருவேளை அவள் நகையைப் பற்றி இனிப் பேசவே வேண்டாம் என்று விட்டுவிடலாம். அப்படி விட்டுவிட்டால் பாட்டியின் மௌனம் இன்னும் கூடுதல் பாவமாகிறது. இப்படி நாலு பக்கமிருந்தும் இழுக்கும்போது ஆசிரியர் ஒரு பக்கம் சாய்ந்து பேசத் தேவையே வராது.

முடிவில் கவனம் வேண்டும். நீங்கள் என்ன நினைத்து எழுதினாலும், கதை யாரைக் கடைசியில் வாழவைக்கிறது, யாரைத் தண்டிக்கிறது என்பதை வைத்துத்தான் வாசகர் கருத்தை எடுத்துக்கொள்வார். பாட்டி உண்மையைச் சொன்னதும் மகள்கள் கட்டிப்பிடித்து அழுதால், உண்மை பேசினால் நன்மை வரும் என்ற நீதிக்கதை. உண்மையைச் சொல்லி, மூத்தவளே அதை விரும்பாமல் போனால்? இந்த இரண்டாவதைத்தான் நான் எழுதிப் பார்ப்பேன்.

கருப்பொருள் கிடைத்த மகிழ்ச்சியில் நம்மவர்கள் செய்கிற ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அதைப் பேச ஓர் ஆளை உள்ளே கொண்டுவருகிறார்கள். அவர் அநேகமாக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வந்து உட்கார்ந்து, தே ஓ (பாலில்லாத் தேநீர்) வாங்கிக் குடித்துவிட்டு, மனித வாழ்வில் நம்பிக்கையின் இடம் பற்றி அரைப் பக்கம் பேசிவிட்டுப் போவார். தலைமையாசிரியர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்தக் கதையில் அவரை வாசலிலேயே நிறுத்துங்கள். அதே மாதிரி, பிஸ்கட் டின்னைப் பக்கத்துக்குப் பக்கம் கொண்டுவந்து வைத்தால் வாசகர் அதைப் பொருளாகப் பார்க்க மாட்டார், அறிவிப்புப் பலகையாகத்தான் பார்ப்பார். மூன்று தடவை வந்தது போதும். ஒவ்வொரு தடவையும் அதைத் திறக்கிற கை வேறாக இருந்தால் இன்னும் நல்லது.

கருத்தை வைத்துக்கொண்டே தொடங்கி நன்றாக எழுதியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். எழுத எழுத அந்தக் கருத்தைச் சந்தேகப்படும் துணிச்சல் அவர்களுக்கு இருந்திருக்கிறது என்பதே என் ஊகம். அந்தத் துணிச்சலைப் போட்டி விதிமுறையில் கேட்டு வாங்க முடியாது, ஆனால் அதற்கு இடம் விடலாம்.

இந்த ஊரில் கதையைப் பழகச் சொல்லித்தரும் மரபு புதிதும் இல்லை. 1950களின் தொடக்கத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். அப்புறம் 1952இல் தமிழகச் சிறுகதை எழுத்தாளர் கு. அழகிரிசாமி அதே நாளிதழுக்கு ஆசிரியராக வந்து, 1957 வரை இங்கே இருந்து இலக்கிய வட்டம் கூட்டினார். ஒரு நாளிதழ் கதைக் கலைக்கு அவ்வளவு இடம் கொடுத்த ஊர் இது.

ஆகவே ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கருப்பொருள் கொடுக்காதீர்கள், ஓர் இடமோ பொருளோ கொடுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடை, மஸ்ஜித் ஜாமெக் எல்.ஆர்.டி. ரயில் நிலையப் படிக்கட்டு, அடகுக்கடைச் சீட்டு, எதுவானாலும் சரி. நடுவர்களின் மதிப்பெண் தாளில் 'நல்ல கருத்து' என்றொரு பகுதி இருந்தால் அதை எடுத்துவிட்டு, கதையில் யார் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, அதற்கு என்ன இழந்தார் என்று எழுதச் சொல்லுங்கள். பரிசுத்தொகையை மட்டும் குறைத்துவிட வேண்டாம்.