எர்த் பின்னில் கை வைக்காதீர்கள்

கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இரைந்தால் பிளக்கின் எர்த் பின்னில் டேப் ஒட்டிவிடுங்கள், சரியாகிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். இரைச்சலுக்குக் காரணம் கிரவுண்ட் லூப் (இரண்டு கருவிகள் எர்த் வழியாகவும் கேபிள் வழியாகவும் இணைவதால் உண்டாகும் வளையம்) என்றால் சத்தம் நிற்கும்தான், ஆனால் உள்ளே லைவ் ஒயர் சேசிஸில் (ஆம்பின் உலோகக் கூட்டில்) பட்டால் 230 வோல்ட்டும் நேராகக் கிட்டார் கம்பிக்கே வரும், ஏனென்றால் கம்பி, பிரிட்ஜ் (கம்பியைத் தாங்கும் உலோகப் பகுதி), ஜாக் (கேபிள் சொருகும் இடம்), சேசிஸ் எல்லாம் ஒரே இணைப்பு. 1972-ல் ஸ்காட்லாந்து கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே ஷாக் அடித்து இறந்தார்.

முதலில் கிட்டார் கேபிளை ஆம்பிலிருந்து உருவிப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு பெரும்பாலும் ஆம்புக்குள்ளே; பழைய ஆம்ப் என்றால் என் முதல் சந்தேகம் ஃபில்டர் கெப்பாசிட்டர் (ஆம்புக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் பாகம்) மேல்தான் (வால்வ் ஆம்பை, அதாவது கண்ணாடிக் குழாய் வைத்த ஆம்பை, நீங்களே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கலாம்). நீங்கள் திரும்பி நிற்கும் திசைக்கு ஏற்றபடி சத்தம் கூடிக் குறைந்தால் அது சிங்கிள் காயில் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் ஒற்றைச் சுருள் பாகம்) குணம், எர்த்துக்குச் சம்பந்தமே இல்லை. இரண்டு ஆம்பைச் சேர்த்துப் போட்டால் மட்டும் வருகிறதா? அதுதான் லூப். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுங்கள், அப்படியும் போகாவிட்டால் சிக்னல் கேபிளுக்கு நடுவே ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (சிக்னலை மட்டும் கடத்தி லூப்பைத் துண்டிப்பது) போடுங்கள்.