5 வயதோடு எல்லாம் முடிந்துவிடாது

"5 வயதுக்குள் கஷ்டம் பார்த்த குழந்தை ஆயுளுக்கும் தேறாது" என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

சிறுவயதுத் துன்பம் உடம்பையும் மனதையும் பாதிக்கும், சரி. ஆனால் அதுவே தலையெழுத்து இல்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் 40 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகவே வளர்ந்து ஆளானார். பதின்வயதில் தடம் மாறியவர்களிலும் பலர் அப்புறம் முப்பதுகளில் நிமிர்ந்தார்கள்.

தேறியவர்களுக்குப் பாசத்தோடு ஒட்டிக்கொள்ள ஒருவராவது இருந்தார்: பாட்டி, அத்தை, ஆசிரியர். எனக்கு ஆயா. அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் என்னைச் சேலைத் தலைப்பால் போர்த்தி, நான் தூங்கும்வரை முதுகைத் தட்டிக்கொண்டே இருப்பார்.