பழப்புளியில் விற்றமின் சி எங்கே?

புளியின் பயன்கள் பற்றிய கட்டுரை நல்லாத்தான் இருக்கு, ஆனால் அதில் விற்றமின் சி நிறைய உண்டு என்று எழுதியிருப்பது சரியில்லை. 100 கிராம் பழப்புளியில் 3.5 மில்லிகிராம் அளவுதான் இருக்கும், கொய்யாப்பழத்தில் 200-க்கு மேல். புளித்தால் விற்றமின் சி என்று முடிவுகட்டக் கூடாது, தேசிக்காய்க்குப் புளிப்புத் தருவது சித்திரிக் அமிலம், பழப்புளிக்குப் புளிப்புத் தருவது தார்த்தாரிக் அமிலம்.

அப்புறம், புதுப்புளிதான் நல்லது என்றும் போட்டிருக்கிறீர்கள். வன்னிப் பக்கம் வந்து அதைச் சொல்லிப் பாருங்கோ! உலுப்பின புளியை வெயிலில் காயவைத்து, கோது உடைத்து, நார் இழுத்து, கொட்டை தட்டி, உப்புத் தூவி உருண்டை பிடித்து மண்பானைக்குள் அமத்தி வைப்பார்கள், அடுத்த வருசம் எடுக்கும்போது நல்லாக் கறுத்துப் பிசுபிசு என்று கையில் ஒட்டும், குளத்து விராலின் சேற்று வாடையை அடக்க அந்தப் பழைய புளிதான் சரி. அந்தக் குழம்பையும் மண்சட்டியில் வையுங்கோ. அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை இரவிரவாக விட்டால் அமிலம் உலோகத்தைக் கரைக்கும்.

மலச்சிக்கலுக்கு நல்லது என்றது உண்மை. சுளுக்குக்கு உப்பும் புளியும் காய்ச்சிப் பற்றுப் போடுவதை மட்டும் ஏன் விட்டீர்களோ தெரியாது. இன்னொன்று, அஸ்பிரின், இபுபுறூபன் குளிசை போடுகிறவர்கள் புளி கூடின சாப்பாட்டோடு எடுத்தால் மருந்து இரத்தத்தில் கூடுதலாகச் சேரலாம், அதைக் கட்டுரையிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கோ.